தொப்பி போட்ட வினைச்சொல்லும் மதுரை கான் சாகிபும்

பிரெஞ்சு மொழியில் ஒரு வினைச்சொல் வடிவம் இருக்கிறது. ஒரு காரியம் நடந்ததா, நடக்கவில்லையா என்று அது மூச்சு விடாது. ஆசை, பயம், சந்தேகம் ஆகியவற்றோடு மட்டும்தான் அதற்குச் சகவாசம். அதுவும் இன்றைய ஆசை இல்லை, காலாவதியான பழைய ஆசை. பெயர் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ். ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் டாக்டர் அடிக்கோடு போட்டதுபோல இருக்கிறதா? பயப்படாதீர்கள். இது இப்போது யாருக்கும் வருவதில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கே வருவதில்லை!

"மாப்பிள்ளை தீபாவளிக்கு வந்தார்." இது செய்தி. "மாப்பிள்ளை தீபாவளிக்கு வரவேண்டும் என்று மாமியார் ஆசைப்பட்டார்." இதில் மாப்பிள்ளை வந்தாரா? தெரியாது. மாமியாரின் மனசுக்குள் மட்டும்தான் அவர் பஸ் ஏறியிருக்கிறார். மாமியார் இன்றைக்கு ஆசைப்பட்டாலும் சரி, போன வருஷம் ஆசைப்பட்டிருந்தாலும் சரி, தமிழனுக்கு ஒரே 'வரவேண்டும்' போதும். பிரெஞ்சு இலக்கணத்துக்குப் போதவில்லை. ஆசை புதிது என்றால் ஒரு வடிவம், பழையது என்றால் வேறு வடிவம். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று அதிலும் ஆறு. வராத மாப்பிள்ளைக்கு ஆறு செட் டிரஸ்!

இதில் 'அவன்' என்ற ஆசாமிக்குக் கொடுத்த டிரஸ்தான் விசேஷம். 'அவன் வந்தான்' என்பதற்கு பிரெஞ்சில் நாலெழுத்துச் சொல் ஒன்று உண்டு. நடுவில் இருக்கும் உயிரெழுத்தின் தலையில் கூரை மாதிரி ஒரு குட்டித் தொப்பியைக் கவிழ்த்துவிட்டால், 'அவன் வரவேண்டும் என்று அப்போது ஆசை' என்று அர்த்தம் மாறிவிடும். உச்சரிப்பில் துளி வித்தியாசம் கிடையாது. தொப்பி இல்லாவிட்டால் சரித்திரம், தொப்பி போட்டால் கனவு.

இந்தத் தொப்பிக்கு உலகத்திலேயே பொருத்தமான தலை எங்கே இருந்தது என்று கேட்டால், பாரீஸில் தேட வேண்டாம். 1763-ல் மதுரைக் கோட்டைக்குள் இருந்தது.

கான் சாகிப் என்று ஊர் கூப்பிட்ட யூசுப் கான், பிறந்தபோது ராமநாதபுரத்துச் சீமையில் பனையூர் மருதநாயகம். சிப்பாயாகச் சேர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்கே தளபதியானவர். 1758 முடிந்து 1759 பிறந்தபோது லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார் அல்லவா? அப்போது வெளியே இருந்துகொண்டு லாலியின் சாப்பாட்டு வண்டிகளை மறித்து உயிரை எடுத்தவர் நம் ஆள்தான். அதாவது, பிரெஞ்சுக்காரர்களை அடித்துத்தான் பெயர் வாங்கினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

மதுரை அவர் கைக்கு வந்தது. கள்ளர் பயத்தை அடக்கினார், கண்மாய்களைச் சீர்படுத்தினார், வரி ஒழுங்காக வசூலானது. எல்லா நல்ல மேனேஜருக்கும் வரும் யோசனை ஒருநாள் அவருக்கும் வந்தது: வேலையெல்லாம் நான் பார்க்கிறேன், ஆற்காட்டு நவாப் முகமது அலி எதற்கு எனக்கு மேலே? கம்பெனியோ நவாப் பக்கம் சாய்ந்தது. கான் சாகிப் கோபத்தில் மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவிட்டார். வேலை பார்த்த கம்பெனியை வெறுப்பேற்ற எதிர்க் கம்பெனியின் டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வருகிற ரகம். எதிர்க் கம்பெனி திவாலாகிவிட்டதா என்று மட்டும் விசாரிக்கவில்லை.

நிலவரத்தைப் பாருங்கள். பாண்டிச்சேரி 1761 ஜனவரியிலேயே ஆங்கிலேயரிடம் விழுந்துவிட்டது. ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். 1763 பிப்ரவரி 10-ல் பாரீஸில் சமாதான ஒப்பந்தம். அதில் பிரான்ஸ் தெளிவாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு விஷயம்: கர்நாடகத்தின் முறையான நவாப் முகமது அலிதான். அதாவது, கான் சாகிப் யாரை எதிர்த்து பிரெஞ்சுக் கொடியை ஏற்றினாரோ, அவருக்கு பிரான்ஸே சர்டிபிகேட் கொடுத்தாகிவிட்டது. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியதே 1765-ல்தான். சோழமண்டலக் கரையில் பிரெஞ்சுக் கொடி பறந்த அதிகாரபூர்வமான இடம் ஒன்றுகூட இல்லாத நாளில் அது கம்பீரமாகப் பறந்த ஊர் மதுரை!

'பிரெஞ்சுப் படை வரவேண்டும் என்று கான் சாகிப் ஆசைப்பட்டார்.' பிரெஞ்சில் இந்த வாக்கியத்துக்குத் தொப்பி கட்டாயம். இறந்தகால ஆசை, நிறைவேறினதாகத் தகவல் இல்லை. ஒரே ஒரு கணம் அச்சுக்கோப்பவர் கண்ணயர்ந்து தொப்பியை விட்டுவிட்டால், பிரெஞ்சுப் படை வந்து இறங்கிவிடும், கம்பெனி தோற்றுவிடும், இந்தக் கட்டுரையையே நான் வேறு விதமாக எழுத வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுச் சரித்திரம் ஒரு குட்டித் தொப்பியில் தொங்கியது என்றால் மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை.

பிரெஞ்சுக்காரர் யாருமே வரவில்லையா என்றால், வந்தார்கள். மார்ச்சாந்த் என்பவரும் அவரோடு கொஞ்சம் சிப்பாய்களும் கோட்டைக்குள் இருந்தார்கள். கம்பெனியும் நவாபும் கோட்டையைச் சூழ்ந்தார்கள். ஒரு தடவை முடியாமல் திரும்பி, மறு வருஷம் மறுபடி வந்தார்கள். அப்போதும் சுவரேறிப் பிடிக்க முடியவில்லை. பட்டினி போட்டார்கள். 1764 அக்டோபர் 13-ல் கான் சாகிப் தொழுகையில் இருந்தபோது அவரைப் பிடித்துக் கட்டியவர்களில் முக்கியமானவர் யார்? அதே மார்ச்சாந்த். அக்டோபர் 15-ல் தூக்கு. சம்மட்டிபுரத்தில் இன்றும் அவருக்கு தர்கா இருக்கிறது. வராத பிரெஞ்சுக்காரர்களால் அவருக்கு ஒரு கெடுதலும் இல்லை. வந்த பிரெஞ்சுக்காரர்தான் கையைக் கட்டினார்.

கதை அங்கேயும் முடியவில்லை. 1997 அக்டோபர் 16-ல் சென்னை எம்.ஜி.ஆர். பிலிம் சிட்டியில் கமல்ஹாசனின் 'மருதநாயகம்' படத் தொடக்க விழா. சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? இங்கிலாந்து மகாராணி இரண்டாம் எலிசபெத்! தூக்கில் போட்டவர்கள் வழி வந்தவரே வந்து வாழ்த்திவிட்டுப் போனார். படம்? அது வெளிவர வேண்டும் என்று தமிழ்நாடே ஆசைப்பட்டது. கான் சாகிபை இலக்கண விதி சினிமா வரைக்கும் துரத்திக்கொண்டு வந்திருக்கிறது.

சரி, இவ்வளவு துல்லியமாக வினைச்சொல்லை வகுத்து வைத்தவர்கள் யார்? அவர்கள் வீட்டையும் எட்டிப் பார்த்துவிடுவோம்.

1635-ல் கர்தினால் ரிஷலியு பிரெஞ்சு அகாதெமியை அமைத்தார். உறுப்பினர்கள் நாற்பது பேர். தங்களை 'அமரர்கள்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். நம்மூரில் அமரர் என்றால் போட்டோவுக்கு மாலை போட்டுவிடுவார்கள். அங்கே உயிரோடு இருக்கும்போதே பட்டம். ஆரம்பத்தில் உறுப்பினர்களுக்குச் சாதா நாற்காலிதான். உடம்பு முடியாத ஒரு கர்தினால் மட்டும் கொஞ்சம் வசதியான நாற்காலி கேட்டாராம். ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற முப்பத்தொன்பது பேரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள் என்று பதினான்காம் லூயிக்குத் தெரியும். ஒரே மாதிரி நாற்பது சாய்வு நாற்காலிகளை அனுப்பிவைத்தார். அகாதெமியின் சரித்திரத்தில் இவ்வளவு சீக்கிரமாகத் தீர்ந்த பிரச்சினை வேறு இல்லை.

ஏனென்றால் 1635-லேயே அவர்கள் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்ட பட்டியல் இது: ஓர் அகராதி, ஓர் இலக்கணம், ஓர் அணியிலக்கணம், ஒரு கவிதையியல். அகராதி 1694-ல் வந்தது. இலக்கணம் எப்போது வந்தது? 1932-ல்! வெறும் 297 வருஷம். நம்ம ஊர் பாலம்கூட அதைவிடச் சீக்கிரம் கட்டி முடிந்துவிடும். வந்த கையோடு பெர்தினான் புருனோ என்ற மொழியறிஞர் பிழை பிழையாக எடுத்து ஒரு புத்தகமே போட்டு அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார். மற்ற இரண்டு புத்தகமும் இன்றுவரை வரவில்லை. தொப்பி போட்டு எழுத வேண்டிய சமாச்சாரம்.

ஆனால் பக்தியில் குறை சொல்ல முடியாது. தொமினீக் பூவூர் என்று ஒரு சேசு சபைப் பாதிரியார். நம் முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்த சவேரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். பாரீஸ் எழுத்தாளர்கள் கையெழுத்துப் பிரதியை இவரிடம் காட்டி இலக்கணம் பார்த்துக்கொள்வார்கள். 1702-ல் சாகக் கிடந்தபோது, 'நான் போகிறேன்' என்பதற்கு பிரெஞ்சில் இரண்டு வடிவம் உண்டு, இரண்டுமே சரிதான் என்று விளக்கிவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்று ஒரு கதை. எமன் வாசலில் நின்று நோட்ஸ் எடுத்திருப்பான்.

இப்படிப்பட்ட காவலர்கள் இருந்தும் நம் கதாநாயக வினைச்சொல் எப்படிச் செத்தது? யாரும் கொல்லவில்லை. சிரித்தே கொன்றார்கள். 'எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்' என்பதற்கான வடிவம் காதில் 'சப்புகிறேன்' என்று விழும். 'எனக்கு முடிந்திருக்க வேண்டும்' என்பது தெள்ளுப்பூச்சி என்று விழும். 'நான் காதலிக்க வேண்டும்' என்பதன் வால் 'ஆஸ்' என்று முடியும். பிரெஞ்சில் மட்டமான சாமானைத் திட்டும்போது ஒட்டுகிற வால் அது. 'நாம் கொலை செய்ய வேண்டும்' என்பதோ 'அசாசினாசியோன்'. கொலைகாரர்கள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் போலீஸ் வந்துவிடும். அல்போன்ஸ் அல்லே என்ற நகைச்சுவை எழுத்தாளர், இந்த வடிவங்களையெல்லாம் அடுக்கி ஒரு காதல் புலம்பலே எழுதிவிட்டார். காதலி சிரித்துவிட்டால் இலக்கணம் எத்தனை சுத்தமாக இருந்து என்ன?

கடைசியில் அரசாங்கமே இறங்கி வந்தது. 1901 பிப்ரவரி 26-ல் கல்வி மந்திரி ஜார்ஜ் லேக் ஓர் ஆணை போட்டார். சில வாக்கியங்களில் இந்த வடிவத்துக்குப் பதிலாகச் சாதா சப்ஜங்டிவை எழுதினால் பரீட்சையில் பிழையாகக் கொள்ள வேண்டாம். பிள்ளைகளிடம் கேட்டிருந்தால் லேக் துரைக்குச் சிலை வைத்திருப்பார்கள்.

அதே 1901-ல் மதுரையில் என்ன நடந்தது தெரியுமா? செப்டம்பர் 14-ல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். பாரீஸ் கயிற்றைத் தளர்த்திய வருஷத்தில் மதுரை கயிற்றை முறுக்கியது. இதற்கும் ஒரு கதை சொல்வார்கள். மதுரைக்குப் பேச வந்த தேவர் கம்பராமாயணமும் திருக்குறளும் ஒரு பிரதி கேட்டாராம். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரில் ஒரு வீட்டிலும் சட்டென்று கிடைக்கவில்லையாம். மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கேட்டது காலையில் என்றால் எல்லோரும் இட்லிக் கடையில் இருந்திருப்பார்கள்.

தேவரின் இன்னொரு கதை இதைவிட ருசி. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் தமிழ் படித்தார். கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டார். சுகாத்தியர் என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு திருக்குறளை எடுத்தவருக்குப் பல இடங்களில் எதுகை சரியாக விழவில்லை என்று பட்டது. என்ன செய்வார்? வள்ளுவரைத் திருத்திப் புத்தகம் போட்டுவிட்டார்! விஷயம் தெரிந்த தேவர் சண்டைக்குப் போகவில்லை. இருந்த பிரதிகளையெல்லாம் விலை கொடுத்து வாங்கி நெருப்பில் போட்டார் என்பது கதை. தன் புத்தகம் இவ்வளவு வேகமாக விற்றுத் தீர்ந்ததில் ஸ்காட் துரைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்!

பிரெஞ்சு அமரர்களைக் கிண்டல் செய்கிற தகுதி நமக்கு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். இறையனார் களவியல் உரை தருகிற கணக்கு: முதற்சங்கம் 4440 வருஷம், இடைச்சங்கம் 3700 வருஷம், மதுரைக் கடைச்சங்கம் 1850 வருஷம். கூட்டினால் 9990. பத்து வருஷம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், பெரிய மனசு! முதற்சங்கத்தில் பாடியவர்கள் 4449 பேர். அகத்தியரோடு சிவனும் முருகனும் உறுப்பினர்கள். ரிஷலியு நாற்பது பேரைச் சேர்க்கவே திண்டாடியிருக்கிறார் பாவம்.

நாற்காலிப் பிரச்சினையும் நம்மிடம் இல்லை. சங்கப் பலகை ஒன்றுதான். தகுதியான ஆள் வந்தால் நீண்டு இடம் கொடுக்கும். திருக்குறளை வைத்தபோது மட்டும் அது சுருங்கி, உட்கார்ந்திருந்த புலவர்கள் அத்தனை பேரையும் பொற்றாமரைக் குளத்தில் தள்ளிவிட்டது என்பார்கள். பாரீஸ் அகாதெமிக்கு இந்த மாடல் பலகை ஒன்று அனுப்பியிருந்தால் 1932 வரை காத்திருக்க வேண்டியிருக்காது.

அதே களவியல் உரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருஷப் பஞ்சம். சோறு போட முடியாமல் ராஜா புலவர்களை ஊரைவிட்டு அனுப்பிவிட்டார். மழை பெய்த பிறகு கூப்பிட்டால், எழுத்துக்கும் சொல்லுக்கும் ஆள் வந்தது, பொருளிலக்கணம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ராஜா அழாத குறை. ஆலவாய்ச் சிவனே இரங்கி அறுபது சூத்திரம் எழுதிக் கொடுத்தார். உடனே 49 புலவர்களும் 49 உரை எழுதி, என்னுடையதுதான் சரி என்று மல்லுக்கு நின்றார்கள். நடுவராக யார் உட்கார்ந்தார்? உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். வயது ஐந்து. பிறவி ஊமை. நக்கீரர் உரையைக் கேட்டபோது பிள்ளைக்குக் கண்ணீர் வந்தது, மயிர் சிலிர்த்தது, தீர்ப்பு முடிந்தது. இலக்கணச் சண்டைக்கு இதைவிட நல்ல நடுவர் உலகத்தில் கிடைக்க மாட்டார். திருப்பி விவாதம் பண்ண மாட்டார் அல்லவா!

ஆனால் நம் வீட்டிலும் செத்த வினைகள் ஏராளம். வினையெச்சத்துக்கு மட்டும் தொல்காப்பியர் ஒன்பது வாய்பாடு சொன்னார். பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலார் அதைப் பன்னிரண்டாக்கினார். செய்பு, செய்யூ, செய்யியர்... யாராவது இப்படிப் பேசி நீங்கள் கேட்டதுண்டா? 'செய்யா' என்பது இன்னும் மோசம். பழந்தமிழில் 'உண்ணா வந்தான்' என்றால் சாப்பிட்டுவிட்டு வந்தான். இன்றைக்கு ஒரு பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், ஐயோ பாவம் என்று இலை போட்டுவிடுவாள். 'நான் போகிறேன்' என்பதற்கு 'யான் சேறு' என்று ஒரு வடிவம் உண்டு. ஆபீசில் சாயங்காலம் கிளம்பும்போது சொன்னால், எங்கே விழுந்தீர்கள் என்று கேட்பார்கள்.

செத்த வினைக்கும் உயிருள்ள வினைக்கும் வித்தியாசம் கண்டவர், வேடிக்கையாக, ஓர் இத்தாலியர். மதுரை மிஷனில் உழைத்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர். தேம்பாவணிக்குச் செந்தமிழில் கச்சை கட்டினார் என்றாலும், சக பாதிரிகளுக்கு மார்க்கெட்டில் பேசுகிற தமிழ்தான் உதவும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொடுந்தமிழுக்கென்றே லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அதை 1738-ல் அச்சிட்டது யார்? தரங்கம்பாடி லூத்தரன் மிஷன்! பெஸ்கி அவர்களைத் திட்டிப் புத்தகம் புத்தகமாக எழுதியவர். வேதத்தில் எதிரிகள், வினைச்சொல்லில் கூட்டாளிகள். சாமியைப் பற்றி எவ்வளவு சண்டை போட்டாலும், கீரைக்காரியிடம் விலை கேட்கத் தெரிய வேண்டும் இல்லையா?

சரி, பிரெஞ்சு சப்ஜங்டிவ் குடும்பமே செத்துவிட்டதா? இல்லை. பழைய ஆசைக்கான தொப்பிக்காரர்தான் போனார். அவருடைய தம்பி, இன்றைய ஆசைக்கான வடிவம், ஜோராக இருக்கிறார். 'வீவ் லா பிரான்ஸ்' என்று ஜனாதிபதி முதல் ஃபுட்பால் ரசிகர் வரை கத்துகிறார்களே, அந்த 'வீவ்' அவர்தான். நம் ஊரிலும் அவருக்கு ஒரு பங்காளி உண்டு. பெயர் வியங்கோள் வினைமுற்று. தன்மைக்கும் முன்னிலைக்கும் அது பொருந்தாது என்று தொல்காப்பியர் கறார் காட்டினார். எல்லா இடத்துக்கும் வரும் என்று நன்னூலார் கதவைத் திறந்துவிட்டார். மதுரையில் எந்தச் சுவரையும் எந்த ஃபிளெக்ஸையும் பாருங்கள்: வாழ்க, ஒழிக, வருக வருக. ஒரு வகுப்பும் எடுக்காமல், பிழையே இல்லாமல், ஊரே இலக்கணம் எழுதிக்கொண்டிருக்கிறது. காது குத்துக்குக்கூட நூறடி நீளத்துக்கு வியங்கோள்!

ஆகவே மார்க்குக்காகப் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், தொப்பி வைத்த அந்த அத்தியாயத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அகாதெமிகள் போற்றிப் பாதுகாக்கலாம், மந்திரிகள் ஆணை போடலாம், புலவர்கள் குளத்தில் விழுந்து எழலாம். கடைசியில் பிழைத்தது எது என்று கணக்குப் பார்த்தால் விஷயம் சிம்பிள்: பெருமைக்காக வைத்திருந்த வினைகள் புத்தகத்தோடு போயின, தொண்டை கிழியக் கத்தத் தோதான வினைகள் இன்னும் இருக்கின்றன.